வீட்டுக்கான முன்பணத்தை மூன்று வருடம் எங்கே வைப்பது?

கேட்டவர் பாலக்காடு மாவட்டத்தில் எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரர். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மனைவி கோயம்புத்தூரில் தனியார் பள்ளி ஆசிரியை, வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். இருவருக்குமாகச் சேர்த்து 8 லட்சம் கையிருப்பு. மாதம் 25,000 ஒதுக்க முடியும். மூன்று வருடத்தில் 45 லட்சத்துக்குள் ஒரு வீடு வாங்க எண்ணம். பேங்கில் 6.5 சதவீதம் தருகிறார்கள், ஊர்க் கூட்டுறவு சொசைட்டியில் 8 சதவீதம். மாமனார் தங்கப் பவுனாக வாங்கி வைக்கச் சொல்கிறார். கூட வேலை செய்பவர் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடு என்கிறார். கேஎஸ்எஃப்இ நடத்தும் சிட்டியில், அதாவது ஏலச் சீட்டில், சேரலாமா என்ற யோசனையும் இருக்கிறது. இதில் எது நல்லது என்பது கேள்வி.

தம்பி, சித்தூர் தாலுகாவில் பேங்க் கிளைகளில் டெபாசிட் கவுண்டரிலும், பிறகு வீட்டுக் கடன் பிரிவிலும் வேலை பார்த்தவன் நான். எங்கே வைப்பது என்பதற்கு முன்னால், எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுவோம். அதைப் போட்டாலே உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை பேங்க் கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம்தான். இது ரிசர்வ் வங்கியின் விதி, மேனேஜரைத் தெரியும் என்பதால் மாறாது. 45 லட்சத்து வீட்டுக்கு 36 லட்சம் கடன் கிடைக்கும், 9 லட்சம் உங்கள் பங்கு. பலர் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் வீட்டு மதிப்பில் சேராது, அவற்றை முழுக்க நீங்கள்தான் கட்ட வேண்டும். கேரளத்தில் முத்திரை 8 சதவீதம், பதிவு 2 சதவீதம், ஆக மொத்தம் 4.5 லட்சம். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமோ கோவையிலோ வாங்கினால் 7-ம் 2-ம் சேர்ந்து 9 சதவீதம். ஆதாரம் (பத்திரம்) எழுத்துக் கூலி, வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், பேங்க் பிராசசிங் கட்டணம், குடி போகும்போது மீட்டர் பேர் மாற்றுவது, தண்ணீர் மோட்டார் என்று ஒரு லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். 14.5 லட்சம் ஆகிவிட்டது. மூன்று வருடத்தில் வீட்டு விலை பத்து சதவீதம் ஏறினால் 16 லட்சத்தைத் தொடும்.

இப்போது உங்கள் பக்கம் பாருங்கள். கையில் 8 லட்சம். மாதம் 25,000 வீதம் 36 மாதத்துக்கு 9 லட்சம். வட்டி ஒரு பைசாகூட வராவிட்டாலும் 17 லட்சம். அதாவது, உங்கள் வீடு வட்டியை நம்பி நிற்கவில்லை. போட்ட முதல் முழுசாக, பத்திரம் பதியும் வாரத்தில் கைக்கு வந்தால் போதும். இந்தப் பணத்துக்கு ஒரு தேதி இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கோ பிள்ளையின் கல்யாணத்துக்கோ சேர்க்கும் பணம் என்றால் என் பதில் வேறாக இருக்கும். அங்கே பதினைந்து இருபது வருடம் இருப்பதால் சந்தை விழுந்தாலும் எழுந்து வரும் வரை காத்திருக்கலாம். இங்கே விற்பவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். ஆகவே எந்த இடத்தைப் பற்றியும் இரண்டு கேள்விதான் கேட்பேன்: முதலுக்கு யார் பொறுப்பு? கேட்ட நாளில் கிடைக்குமா? வட்டி அதற்கு அப்புறம்.

சொசைட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அதன் மேல்தான் ஆசை அதிகம் தெரிகிறது. 7 லட்சத்தை மூன்று வருடத்துக்கு, மூன்று மாதத்துக்கொரு முறை வட்டி முதலோடு சேரும்படி போட்டால் 6.5 சதவீதத்தில் ஏறத்தாழ 8.49 லட்சம் ஆகும், 8 சதவீதத்தில் ஏறத்தாழ 8.88 லட்சம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து வித்தியாசம் 38,000 சில்லறை, அதிலும் வருமான வரி உண்டு. இந்த 38,000-க்காக என்ன விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள பேங்கில் ஒருவர் பேரில் முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. ஊர் சர்வீஸ் சொசைட்டிக்கு அந்த இன்சூரன்ஸ் கிடையாது, வாசலில் எவ்வளவு பெரிய போர்டு மாட்டியிருந்தாலும் சரி. மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை இணைத்து 2019-இல் உண்டான கேரள பேங்க் வேறு. அதற்கு உரிமமும் உண்டு, இன்சூரன்ஸும் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பணம் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்ச் சொசைட்டிகள் பெரும்பாலானவை நாணயமாக நடப்பவைதான். உரத்துக்கும் விதைக்கும் கடன் கொடுத்துத் தெங்குக்காரர்களையும் நெல்காரர்களையும் தாங்கியவை அவை. அவற்றைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் திருச்சூர் மாவட்டத்தில் கருவன்னூர் சொசைட்டியும் நூறு வருடப் பேரோடு இருந்ததுதான். நூறு கோடிக்கும் மேலான கடன் மோசடி 2021-இல் வெளியே வந்தபோது, அங்கே போட்டவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை எடுக்க வருடக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. கூட்டுறவு டெபாசிட்டுக்கு மாநிலத்தின் தனி உத்தரவாத வாரியம் இருந்தும் அந்தக் காத்திருப்பு தீரவில்லை. பணம் ஒரு நாள் முழுசாகத் திரும்பினால்கூட உங்கள் வீட்டுக்கு அது உதவாது, கரார் (விற்பனை ஒப்பந்தம்) தேதி கடந்திருக்கும். மாமன் மச்சான் உறவு கருதிக் கொஞ்சம் போட்டே ஆக வேண்டும் என்றால் 50,000 போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இதைவிட எனக்குப் பயம் ஃபைனான்ஸ் கம்பெனிக் காகிதத்தில். தங்க நகைக் கடன் கொடுக்கும் கடைகள் எல்லை முழுக்க இருக்கின்றன. நகை மீட்கப் போனவரிடம், “எங்க கிட்டயும் எஃப்டி இருக்குங்க, பேங்கைவிட நாலு சதவீதம் கூட” என்பார்கள். கையில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். ஓரத்தில் பூவேலை, நடுவில் உங்கள் பேர், தொகை, முதிர்வுத் தேதி எல்லாம் கச்சிதமாக இருக்கும். பார்க்க எஃப்டி ரசீது மாதிரியே இருக்கும். மேலே சின்ன எழுத்தில் ‘நான் கன்வெர்ட்டிபிள் டிபென்ச்சர்’ என்றோ ‘சபார்டினேட்டட் டெட்’ என்றோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். இருந்தால் நீங்கள் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் கிடையாது. இரண்டாவது வகை என்றால், கம்பெனி முழுகும்போது மற்றக் கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்து மிச்சமிருந்தால்தான் உங்கள் முறை வரும். பத்தனம்திட்டையில் பாப்புலர் ஃபைனான்ஸ் 2020-இல் சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் வைத்திருந்தது எஃப்டி என்று நம்பி வாங்கிய காகிதங்களைத்தான். தமிழ்நாட்டுப் பக்கம் ஆருத்ரா விவகாரம் உங்களுக்கே தெரியும். மாதம் இத்தனை சதவீதம் என்று வாய் கூசாமல் சொல்கிறவர் முன்னால் உட்காரவே வேண்டாம்.

சிட்டி விஷயம் அப்படியில்லை, நிதானமாகப் பேச வேண்டியது. கேஎஸ்எஃப்இ கேரள அரசின் சொந்த நிறுவனம், 1969-இல் திருச்சூரில் தொடங்கியது. முதலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியில் அது தேறிவிடும். இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல். 50 பேர் மாதம் 10,000 வீதம் 50 மாதம் கட்டும் 5 லட்சத்துச் சிட்டி என்று வையுங்கள். மாதம் ஒருவர் ஏலத்தில் எடுப்பார், அதிகம் விட்டுக்கொடுப்பவருக்குத்தான் அந்த மாதத் தொகை. ஆரம்ப மாதங்களில் பணம் அவசரப்படுகிறவர்கள் பலர், எல்லாரும் அதிகபட்சக் கழிவான 30 சதவீதத்துக்கு இறங்கி நிற்பார்கள், அப்போது நறுக்குப் போட்டு (குலுக்கல்) ஒருவருக்குக் கொடுப்பார்கள். அவருக்குக் கிடைப்பது 3.5 லட்சம். கழிந்த 1.5 லட்சத்தில் 25,000 நிறுவனத்தின் கமிஷன், மீதி 1.25 லட்சம் 50 பேருக்கும் பிரிந்து தலைக்கு 2,500 தள்ளுபடி. அதனால் நீங்கள் கட்டுவது 7,500. கடைசி வரை காத்திருந்தால் கமிஷன் போக 4.75 லட்சம் கிடைக்கும். சேமிப்பாக மோசமில்லை.

உங்களுக்கு அது 36-வது மாதம் வேண்டும் என்பதுதான் பிரச்சினை. அந்த மாதம் ஏலம் எவ்வளவுக்குப் போகும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஏலத்தில் எடுத்தாலும் பணம் உடனே கைக்கு வராது. மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள்: சம்பளச் சான்று, நிலம், தங்கம், அல்லது டெபாசிட். ஜாமீன் காகிதம் சரிபார்ப்பதற்குள் வாரங்கள் ஓடும். இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கடன் பிரிவில் உட்கார்ந்தவர்கள்தான் சொல்வார்கள். எடுத்த சிட்டியின் மீதித் தவணை பேங்க் கணக்கில் உங்கள் மேலுள்ள கடன். மாதம் பத்தாயிரம் இன்னும் பதினான்கு மாதம் கட்ட வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் சம்பளத்தில் அதைக் கழித்துவிட்டுத்தான் வீட்டுக் கடன் தகுதியைப் பார்ப்பார்கள். 36 லட்சம் எதிர்பார்த்துப் போனவருக்கு 31 லட்சம் என்று வந்து நிற்கும். சிட்டி வேண்டும் என்றால், வீடு வாங்குவதற்கு முன்பே முழுசாக முடிந்துவிடும் 25 அல்லது 30 மாதச் சிட்டியில், மாதச் சேமிப்பில் பாதிக்கு மேல் போகாமல், கடைசியில் எடுக்கும் எண்ணத்தோடு சேருங்கள்.

தனியார் குறிக் (சீட்டு) கம்பெனி என்றால், சீட்டுப் பதிவாளர் அந்தக் குறிக்கென்று தனியாகக் கொடுத்த அனுமதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேரளத்தில் 1982-ஆம் வருடத்து மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்குள்ள சட்டத்திலிருந்து தப்பிக்க ஜம்முவிலும் ஃபரீதாபாத்திலும் பதிவு செய்துவிட்டு இங்கே குறி நடத்தியவர்கள் உண்டு. காகிதம் காட்டத் தயங்குகிற கம்பெனியில் கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் தலைமுறைக்குத் தங்கம் கைவிட்டதில்லை, கடந்த சில வருடத்து விலையும் அவர் பேச்சுக்குத் துணை நிற்கிறது. மரியாதையோடு அவரிடம் இதைச் சொல்லுங்கள்: நகையாக வாங்கினால் பணிக்கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கிய அன்றே போய்விடும், விற்கும்போது திரும்பாது. நாணயமாக வாங்கினால் கூலி குறையும், ஆனால் விலை இறங்குவதை யாரும் தடுக்க முடியாது. 2013-இல் உலகச் சந்தையில் தங்கம் கால்பங்குக்கும் மேல் இறங்கியது. அந்த வருடம் ரூபாயும் சரிந்ததால் இங்கே அடி அத்தனை பலமாகத் தெரியவில்லை. பிறகு இரண்டு மூன்று வருடம் விலை எழவே இல்லை. நீங்கள் காத்திருக்கும் காலமும் அதே மூன்று வருடம்தான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நகையை விற்க வேண்டாம், பதிவுச் செலவு கடைசியில் லட்சம் ரூபாய் இடித்தால் அதை வைத்துக் குறுகிய கடன் எடுத்துக்கொள்ளலாம். தங்கம் உங்களுக்கு உதவுவது அந்த அளவுக்குத்தான்.

எஸ்ஐபிக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி மார்ச்சில் 7,500 வரை இறங்கியது. அந்த மார்ச்சில் கரார் போட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கடன் பத்திர ஃபண்டுகளுக்கும் 2023 ஏப்ரலுக்குப் பின் போடும் பணத்தில் வரிச் சலுகை இல்லை, எஃப்டி வட்டி மாதிரியே வருமானத்தோடு சேர்த்து வரி. அதனால் அந்தப் பக்கம் போக உங்களுக்குக் காரணமே இல்லை.

போஸ்ட் ஆபீஸ் பாதுகாப்பில் எல்லாவற்றுக்கும் மேல், மத்திய அரசே பொறுப்பு. ஆனால் அங்கே ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் டெபாசிட், ஐந்து வருடத்துக்குத்தான். மூன்று வருடம் கழித்து நடுவில் மூடினால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான் கிடைக்கும். அதனால் மாதச் சேமிப்புக்கு அது சரிப்படாது. மொத்தமாகப் போடும் இரண்டு வருட, மூன்று வருட டைம் டெபாசிட்டில் ஒரு பங்கு வைக்கலாம். 2025-இல் அவை 7, 7.1 சதவீதம் கொடுத்தன. போடும் அன்றைய வட்டியைக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதி எல்லாம் பேங்க்தான். இங்கே எப்படிப் போடுவது என்பது எங்கே போடுவது என்பதைவிட முக்கியம். இன்சூரன்ஸ் வரம்பு ஒரு ஆளுக்கு, ஒரு பேங்குக்கு. ஒரே பேங்கின் கொழிஞ்சாம்பாறைக் கிளையிலும் கோவைக் கிளையிலும் போட்டால் அது ஒன்றாகத்தான் கணக்கு. நீங்கள் இருவரும் அவரவர் பேரில், இரண்டு பேங்கில் வைத்தால் 20 லட்சம் வரை முழுப் பாதுகாப்பு, உங்கள் மொத்தத் தொகை அதற்குள் அடங்கும். ஒன்று பெரிய அரசு பேங்காக இருக்கட்டும். இன்னொன்று கொஞ்சம் கூடுதல் வட்டி தரும் ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்காக இருக்கலாம், திருச்சூரில் தலைமையகம் உள்ள ஈசாஃப் மாதிரி. அவற்றுக்கும் ரிசர்வ் வங்கி உரிமமும் 5 லட்ச இன்சூரன்ஸும் உண்டு. அந்த வரம்புக்குள் நின்றுகொண்டால் சொசைட்டியில் கிடைக்கும் கூடுதல் வட்டியில் ஒரு பகுதி ஆபத்தில்லாமலே கைக்கு வரும்.

கையிலுள்ள 8 லட்சத்தில் ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள், திடீரென்று டோக்கன் (அட்வான்ஸ்) கொடுக்க வேண்டி வரும். மீதி 7 லட்சத்தை ஒரே எஃப்டியாகப் போடாமல் ஒன்றரை, இரண்டு லட்சமாக நாலு ரசீதாக்குங்கள். முன்பணத்துக்கு இரண்டு லட்சம் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றவை அசையாது. முன்கூட்டி உடைத்தால் பொதுவாக அரை முதல் ஒரு சதவீதம் வட்டி குறைப்பார்கள், அது பெரிய நஷ்டமில்லை. தனிநபரின் ஒரு கோடி வரையுள்ள எஃப்டியை நடுவில் உடைக்க இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. முதிர்வுத் தேதியை 36 மாதம் என்று வைக்காமல் 32, 33 மாதம் என்று வையுங்கள். நல்ல வீடு கொஞ்சம் முன்னாலேயே அமையலாம். படிவத்தில் ‘தானாகப் புதுப்பி’ என்ற கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள், முதிர்ந்ததும் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். 2025 முழுக்க ரிசர்வ் வங்கி, பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.25 வரை இறக்கியது, எஃப்டி வட்டியும் பின்னாலேயே இறங்கியது. ஒரு வருடத்துக்குப் போட்டுப் போட்டுப் புதுப்பிப்பதைவிட, கிடைக்கிற வட்டியை முழுக் காலத்துக்கும் பூட்டிவிடுவது உங்கள் மாதிரி தேதி வைத்திருப்பவருக்கு நிம்மதி.

மாதம் 25,000-ஐ சம்பளம் வந்த மறுநாளே எடுக்கும்படி இருவர் பேரிலும் ஆர்டி போடுங்கள். 6.5 சதவீதத்தில் 36 மாத முடிவில் 9 லட்சம் ஏறத்தாழ 9.95 லட்சம் ஆகியிருக்கும். ஒரு பேங்கில் ஒருவருக்கு வருடத்துக்கு 50,000 வட்டி வரை டிடிஎஸ் (வட்டியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்பதற்காக வரியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், ரிட்டர்னில் காட்ட வேண்டும். மனைவியின் சம்பளத்திலிருந்து சேர்ந்தது அவர் பேரிலேயே இருக்கட்டும். உங்கள் பணத்தை அவர் பேரில் போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

சீனியர் சிட்டிசனுக்கு அரை சதவீதம் கூட என்பதால் அப்பா பேரில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். வருடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் லாபத்துக்கு, அவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணம் அவருடைய வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. நாமினி என்று உங்கள் பேர் இருந்தாலும் நீங்கள் வாங்கிக் கொடுக்கும் ஆள்தான். அக்கா தங்கைகளுக்கு நடுவில் கசப்பு வர இது போதும்.

பதிவு வாரத்தை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். பேங்க் தன் பங்கை விடுவதற்கு முன்னால் உங்கள் 9 லட்சம் விற்பவர் கணக்குக்குப் போயிருக்க வேண்டும், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். பேங்கில் வருடக்கணக்கில் கிடந்த பணத்துக்கு இந்தக் கேள்வி ஒரு நிமிஷத்தில் முடியும். கூட்டுக் கணக்கில் எஃப்டி இருந்தால் நடுவில் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கும் வாரத்தில் உங்கள் மனைவிக்கு லீவு கிடைக்காது. தனித்தனிப் பேரில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விற்பவர், “ஆதாரத்தில் முப்பதென்று காட்டலாம், மீதி ரொக்கமாகக் கொடுங்கள்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆதாரத்தில் காட்டிய விலையைப் பார்த்துத்தான் பேங்க் கடன் கொடுக்கும், உங்கள் பங்கு ஒரேயடியாக ஏறிவிடும். நிலம், வீடு விற்பனையில் 20,000-மோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது. ரொக்கத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதையும், வில்லங்கச் சான்றையும், கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) அந்த சர்வே நம்பர் நெல்வயல் பட்டியலான டேட்டா பேங்கில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2008-இன் நெல்வயல் சட்டத்தில் மாட்டிய இடம் நம் தாலுகாவில் நிறைய இருக்கிறது. அதில் வீடு நின்றுகொண்டிருந்தாலும் பேங்க் கடன் கொடுக்கத் தயங்கும், கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூன்றும் சரியாக இருந்தால் முதல் ரசீதை உடையுங்கள்.